பூட்ட மறந்தவன்

பூட்டு என்ற பட்டப்பெயர் அவனுக்கு ஓர் உருளைக்கிழங்கால் வந்தது.

பெயிண்ட் சீறியடிக்கும் புது மிஷினை இறக்கிக் கொடுக்க வந்த கம்பெனிக்காரன், போவதற்கு முன்னால் ஒரு வேடிக்கை காட்டினான். ரப்பர் கையுறை ஒன்றின் ஆட்காட்டி விரலுக்குள் வேகாத உருளைக்கிழங்குத் துண்டைச் சீவித் திணித்தான். "இதான் உங்க விரல்னு வச்சுக்கங்க" என்று சொல்லி, மிஷினின் துப்பாக்கி போன்ற கன்னை அதன்மேல் ஒட்டிப் பிடித்து விசையை ஒரு தட்டுத் தட்டினான். டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கையுறையில் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி இருந்தது. கையுறையை உருவி, கிழங்கை நீளவாக்கில் பிளந்து காட்டினான். உள்ளே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை செக்கச்செவேல் என்று இருந்தது.

"காத்து கலக்காத மிஷினுங்க இது. பம்பு தர்ற அழுத்தத்துலயே பெயிண்ட் சீறும். கார் டயர்ல இருக்கறதைப்போல நூறு மடங்கு. தோல்ல பட்டா வலிக்கக்கூட வலிக்காது, அதான் இதுல உள்ள விஷமம். புள்ளிதானேன்னு கட்டுப் போட்டுட்டு வீட்டுக்குப் போனா விரல் போச்சு. பட்ட உடனே, கையைக் கீறித் திறக்கிற டாக்டர்கிட்ட ஓடணும்."

எல்லாரும் கேட்டார்கள். கேட்டுவிட்டு மேஸ்திரி அந்தப் பிளந்த கிழங்கை எடுத்துத் தன் தங்கை புருஷன் கையில் வைத்தார். "மாப்ள, வீட்டுக்குக் கொண்டுபோ. தங்கச்சிகிட்டக் குடுத்தா வறுத்துத் தருவா." எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாளிலிருந்து அவன் கன்னைக் கையிலிருந்து விடும் ஒவ்வொரு முறையும் விசையின் பூட்டைப் போட ஆரம்பித்தான். மூக்கைச் சொறிய வேண்டுமென்றாலும் பூட்டினான். முகமூடியைச் சரிசெய்யவும் பூட்டினான். வாரம் முடிவதற்குள் பூட்டு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பெயரை வைத்தவன் பெயிண்ட் கலக்குகிறவன். அவனைக் கலக்கல் என்று கூப்பிடுவார்கள். ஊரில் யாருக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்று கலக்கலுக்குத் தெரிந்த அளவுக்கு அவர்களைப் பெற்றவர்களுக்குக்கூடத் தெரிந்திருக்காது.

மேஸ்திரியின் கூட்டத்துக்கு வேலை, எண்ணெய்க் கிடங்குகளின் இரும்புத் தொட்டிகளுக்குள் செங்காவிப் பூச்சு அடிப்பது. தொட்டி என்றால் வீட்டு மாடியில் இருக்கிற தொட்டி இல்லை. ஒரு கல்யாண மண்டபத்தை உள்ளே தூக்கி வைத்தாலும் இடம் மிஞ்சும். உள்ளே போக ஒரே வழி, அடியில் இருக்கும் வட்டத் துளை. ஆள் குனிந்து நுழையலாம். அடிக்கிற ஆளுக்கொரு பம்பு வெளியே துளைக்குப் பக்கத்தில் நிற்கும். அதிலிருந்து நீளமான ஹோஸ் உள்ளே போய்ச் சாரத்தில் ஏறி, அடிக்கிறவன் கையிலிருக்கும் கன்னில் முடியும். உள்ளே யார் பேசினாலும் குரல் சுவரில் மோதி நாலு பக்கமும் சுற்றிவந்து பேசியவன் முதுகிலேயே தட்டும்.

கன்னின் மூக்கில் டிப்பு இருக்கிறது. அந்தச் சின்ன ஓட்டை வழியாகத்தான் பெயிண்ட் விசிறிபோல விரியும். விரல் டிப்புக்குக் கிட்டே போகாமல் தடுக்க அதைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் ஒரு காப்பு வரும். மேஸ்திரி அந்தக் காப்புகளை முதல் நாளே கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டார். காப்பில் பெயிண்ட் சேர்ந்து சொட்டுகிறதாம், சுவர் கெடுகிறதாம். டிப்பு அடைத்துக்கொண்டால் கட்டைவிரலால் ஒரு வழி வழித்துவிட்டு மறுபடி அடிப்பார். காப்பு இருந்தால் அப்படி வழிக்க முடியாது. வழிக்க முடியாமல் இருப்பதற்குத்தான் காப்பே என்பது அவருக்கும் தெரியும்.

பூட்டு அப்படிச் செய்யமாட்டான். டிப்பு அடைத்தால் பூட்டைப் போட்டு, கன்னைச் சாரத்துக் கம்பியின் கொக்கியில் மாட்டி, ஏணி வழியாகக் கீழே இறங்கி, துளை வழியாக வெளியே வந்து, தன் பம்பில் வால்வைத் திருகி அழுத்தத்தை இறக்கி, அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே நுழைந்து மேலே ஏறுவான். ஏறி, டிப்பைத் துடைத்து, மறுபடி இறங்கி வால்வை மூடுவான். மேஸ்திரி ஒரு சுவரை முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கும்போது இவன் பாதிச் சுவரில் நிற்பான்.

"மாப்ள மாடிப்படி ஏறி எறங்கி உடம்பைக் கொறைக்கறாரு" என்பான் கலக்கல்.

"உடம்பு எங்கடா இருக்கு அவன்கிட்ட, கொறைக்கிறதுக்கு" என்பார் மேஸ்திரி.

இந்தக் கூட்டத்துக்கு என்று ஒரு விளையாட்டு இருந்தது. அதற்குக் கதவு திறப்பது என்று பெயர். பூட்டு தன் கன்னைப் பூட்டிக் கொக்கியில் மாட்டிவிட்டு இந்தப் பக்கம் திரும்பினால் யாராவது ஓசைப்படாமல் போய்ப் பூட்டைத் தட்டித் திறந்துவிடுவார்கள். கொக்கியின் வளைவு விசைக்குள்தான் நுழைந்திருக்கும். பூட்டியிருந்தால் விசை அசையாது. திறந்திருந்தால், அவன் கன்னைக் கழற்றும்போது கொக்கி விசையை அமுக்கி, பெயிண்ட் சர்ரென்று சுவரிலோ அவன் கால்சட்டையிலோ பாயும். அவன் துள்ளிக் குதிப்பான். தொட்டி முழுக்கச் சிரிப்பு சுற்றிச் சுற்றி வரும்.

"விளையாடாதீங்க மச்சான். கையில பட்டா என்னாகும்" என்று ஒருமுறை கேட்டான்.

"உருளைக்கிழங்காயிடும்" என்றார் மேஸ்திரி.

அவன் அதற்குமேல் கேட்கக்கூடிய இடத்தில் இல்லை. குடியிருப்பது மேஸ்திரி வீட்டு மாடி அறையில். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே அறை. அதற்கு முன்னால் பிரஷ் பிடித்து ஜன்னல் கம்பிகளுக்கும் கதவுகளுக்கும் பூச்சு அடித்துக்கொண்டிருந்தான். ஒரு ஜன்னலை நாள் முழுக்க அடிப்பான். அடித்த ஜன்னலில் ஒரு மயிரிழை ஓடியிருக்காது. அந்தச் சுத்தத்தைப் பார்த்துத்தான் மேஸ்திரி தங்கையைக் கொடுத்தார். கொடுத்தபின் அந்தச் சுத்தம்தான் அவருக்கு ஆகாமல் போயிற்று.

மனைவிக்கும் ஆகவில்லை. அண்ணன் கீழே உட்கார்ந்து சொல்வதெல்லாம் மாடிப்படி ஏறி அவளிடம் வந்துவிடும்.

"இன்னைக்கும் அரைச் சுவராமே."

"டிப்பு அடைச்சுக்கிச்சு."

"அண்ணனுக்கு அடைக்காதா? அவரு டிப்பு என்ன தங்கமா?" சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "ராத்திரி கதவைப் பூட்டிட்டு மூணு தடவை இழுத்துப் பாக்கறீங்க. இந்த வீட்டுல திருடறதுக்கு என்னங்க இருக்கு? உங்களைத் தூக்கிட்டுப் போனாக்கூடத் திரும்பக் கொண்டாந்து விட்டுடுவான்."

அவன் சாப்பிட்டான். அவளுக்கு வாய் இப்படித்தான் என்று அவனுக்குத் தெரியும். வாய்க்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா என்பது மட்டும் இத்தனை வருஷத்தில் தெரியவில்லை.

அது நடந்த நாளில் காலையிலிருந்தே வெக்கை. இருப்பதிலேயே பெரிய தொட்டி. சுவரில் ஒரு பாதி மேஸ்திரிக்கு, மறுபாதி இவனுக்கு. கலக்கல் வெளியே பெரிய டிரம்மில் பெயிண்டையும் அதை இறுகவைக்கும் திரவத்தையும் சேர்த்துக் கலக்கியிருந்தான். இந்த ஜாதிப் பெயிண்ட் கலக்கிவிட்டால் காத்திருக்காது. வெக்கையில் இன்னும் அவசரப்படும். அடித்து முடிக்கவில்லை என்றால் டிரம்மிலேயே கல்லாகும்; பம்புக்குள்ளும் ஹோஸுக்குள்ளும் கல்லாகும். அப்புறம் மிஷினையே தூக்கி எறிய வேண்டியதுதான்.

பூட்டு சாரத்தின் மேல்தட்டில் இருந்தான். முகமூடிக் கண்ணாடியில் பெயிண்ட் தூசி படிந்துவிட்டது. வழக்கம்போலப் பூட்டைப் போட்டான். கொக்கியில் மாட்டினான். திரும்பி நின்று, முகமூடியைக் கழற்றிக் கண்ணாடியைத் துணியால் துடைத்தான். பின்னால் பலகை லேசாக அசைந்தது. மேஸ்திரி தன் பக்கத்திலிருந்து வந்து, அவனுக்குப் பின்னால் நடந்து, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். போகிற போக்கில் கதவு திறந்தார்.

பூட்டு முகமூடியை மாட்டிக்கொண்டு வலது கையால் சாரத்துக் கம்பியைப் பிடித்தான். இடது கையால் கன்னைக் கொக்கியிலிருந்து எடுக்கப் போனான். கைப்பிடி அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. பூட்டியிருக்கிறதே என்று மூக்கைப் பிடித்துத் தூக்கினான்.

டப்பென்று ஒரு சத்தம்.

சுவரில் எதுவும் படவில்லை. கால்சட்டையிலும் படவில்லை. அதனால் சிரிப்பும் வரவில்லை. மேஸ்திரி அந்தக் கோடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அட, தப்பிச்சுட்டான்" என்றார்.

அவன் கன்னைப் பூட்டி மாட்டிவிட்டுக் கீழே இறங்கினான். துளை வழியாக வெளிச்சத்துக்கு வந்து கையுறையைக் கழற்றினான். ஆட்காட்டி விரலின் நுனியில், ரேகை சுழிக்கிற இடத்தில், ஒரு சிவப்புப் புள்ளி. ரத்தமா பெயிண்டா என்று தெரியவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தான். பெயிண்ட். விரலை அமுக்கினான். வலி இல்லை. விரல் தன்னுடையதாக இல்லாமல் யாருடையதோபோல மரத்திருந்தது.

கலக்கல் துடுப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். "என்ன, முள்ளு குத்திடுச்சா?"

"உள்ள போயிடுச்சு."

"எது?"

"பெயிண்ட்."

பின்னாலேயே மேஸ்திரியும் குனிந்து வெளியே வந்தார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க அவருக்குச் சிறிது நேரம் ஆயிற்று. கண்டுபிடித்ததும் அவர் முகம் ஒரு கணம் வேறாக இருந்தது. அதை அவன் பார்த்தான். பிறகு அந்த முகம் பழையபடி ஆயிற்று.

"கொசு கடிச்சா இதைவிடப் பெருசா வீங்கும்" என்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும் மச்சான். இப்பவே போகணும்னு அந்த ஆள் சொன்னான்."

"போ. யாரு வேணாம்னா? போகும்போது வீட்டுல தங்கச்சிகிட்டச் சொல்லிட்டுப் போ, அவ வந்து உன் சுவரை முடிக்கட்டும். உன்னைவிட வேகமா அடிப்பா."

கலக்கல் டிரம்மைத் துடுப்பால் தட்டினான். "பெயிண்ட் கெட்டியாக ஆரம்பிச்சாச்சு. பேசறதா இருந்தா சீக்கிரம் பேசுங்க."

"கேட்டியா? இது கல்லாப் போனா யார் தலையில போட்டு உடைக்கிறது? உன் தலை தாங்குமா?" மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார். அவர் திட்டும்போது பூட்டுக்குப் பயமில்லை; தாழ்த்தும்போதுதான் பயம். "ஒரு நாள், மாப்ள. ஒரே ஒரு நாள் ஆம்பளையா நின்னு அடி. அப்புறம் வாழ்நாள் பூரா ஆஸ்பத்திரியில படுத்துக்க."

பிளந்த கிழங்கு கண்முன் நின்றது. அதில் சந்தேகம் எதுவும் இல்லை. அந்த இடத்தில் இருந்த மூன்று பேரில் அந்தக் கிழங்கை மறக்காதவன் அவன் ஒருவன்தான். ஆனால் கிழங்கு ஒருமுறைதான் பிளந்தது. சிரிப்பு தினமும் வந்தது. கலக்கல் வாயை ஏற்கனவே பாதி திறந்து வைத்திருந்தான், அவன் போகிறேன் என்று சொன்னால் சிரிப்பதற்காக. வலியும் இல்லை. வலித்திருந்தால் போயிருப்பான்.

பூட்டு கையுறையை மாட்டிக்கொண்டு துளைக்குள் குனிந்தான்.

அன்று அவன் அடித்ததுபோல் அவன் அதற்குமுன் அடித்ததில்லை. பூட்டைத் தொடவே இல்லை. ஒரே ஒருமுறை டிப்பு அடைத்தது. வலது கையில் கன்னைப் பிடித்தபடி அதை இடுப்புத் துணியில் தேய்த்துவிட்டு அடித்தான். இறங்கவில்லை. முள்ளைப் பார்க்கவில்லை. மரத்த இடது கையை ஹோஸைச் சுமக்க மட்டும் வைத்துக்கொண்டான். செங்காவி அகலமாக, ஒரே கனத்தில், ஒரு பட்டைமேல் அடுத்த பட்டை பாதி ஏறி, மேலிருந்து கீழே இறங்கியது. மேஸ்திரி தன் பக்கத்தை முடித்துவிட்டுத் திரும்பியபோது இவனும் முடித்திருந்தான். டிரம்மில் அடிமண்டி மட்டும் மிச்சம்.

மேஸ்திரி டார்ச் அடித்துச் சுவரைப் பார்த்தார். ஒரு சொட்டு ஓடியிருக்கவில்லை. அவன் தோளில் கை வைத்தார்.

"இப்படி அடிக்கத் தெரிஞ்சும் இத்தனை வருஷமா ஏன்யா எங்க உயிரை வாங்கின?"

அவன் சிரித்தான். அதுவரை அவர் அவன் தோளில் கை வைத்ததில்லை.

போகும் வழியில் தெருமுனை கிளினிக்கில் நுழைந்தான். நர்ஸ் புள்ளியைப் பார்த்தாள். "இதுக்கா வந்தீங்க?" என்றாள். அவன் பெயிண்ட் உள்ளே போயிருக்கலாம் என்றான். இருக்கலாம் என்றுதான் சொன்னான், போயிருக்கிறது என்று சொல்லவில்லை. தோளில் அந்தக் கையின் சூடு இன்னும் இருந்தது. அவள் மருந்து தடவி, பிளாஸ்திரி ஒட்டி, இடுப்பில் ஓர் ஊசி போட்டு அனுப்பினாள்.

வீட்டில் மனைவி மாடிப்படியிலேயே நின்றாள். அண்ணன் வருமுன்பே அவருடைய போன் வந்துவிட்டிருந்தது.

"முழுச் சுவரும் முடிச்சீங்களாமே. அண்ணன் சொன்னாரு. அவரை மாதிரியே அடிச்சீங்களாம்." அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள். அவன் சாப்பிடும்போது அவள் எதிரில் உட்கார்ந்து வெகுநாளாகிவிட்டது. "என்னங்க, இடது கைய மடியில வச்சுக்கிட்டு?"

"ஒண்ணுமில்ல. களைப்பு."

மேசைக்கடியில் விரல் துடிக்க ஆரம்பித்திருந்தது. அதைக் காட்டியிருந்தால் அவள் எழுந்துபோயிருப்பாள் என்று நினைத்தான். அவள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதற்காக அதை மடியிலேயே வைத்திருந்தான். அவள் தன் சித்தி மகள் கல்யாணத்தைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தாள், அவனும் சிரித்தான்.

விடியும்போது விரல் வாழைப்பூ மொட்டுப்போல வீங்கி, நுனி வெளுத்து, ஐஸ்கட்டியாகக் குளிர்ந்திருந்தது. வலி முழங்கைவரை ஏறியிருந்தது. தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தவனை மனைவிதான் பார்த்தாள். பார்த்ததும் கத்தினாள். மேஸ்திரிதான் வண்டியை எடுத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியின் அறுவை டாக்டர் நடுத்தர வயதுப் பெண். பிளாஸ்திரியைப் பிரித்தார். "என்ன பட்டுச்சு?"

"பெயிண்ட் மிஷின், மேடம்."

"எப்போ?"

"நேத்து காலையில."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நேத்து காலையில பட்டுச்சு. இன்னைக்குக் காலையில வர்றீங்க. நடுவுல என்ன பண்ணீங்க?"

"வேலை முடிச்சான், மேடம்" என்றார் மேஸ்திரி. அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது.

கீறித் திறந்தபோது விரல் எலும்பு ஓரமாகவே பெயிண்ட் ஓடி உள்ளங்கை நடுவில் குளம்கட்டியிருந்தது. கலக்கி வைத்த டிரம் என்ன செய்யுமோ அதையே அதுவும் செய்திருந்தது. இறுகியிருந்தது. சதையிலிருந்து அதைச் சுரண்டினார்கள். மறுபடி திறந்து மறுபடி சுரண்டினார்கள். கடைசியில் ஆட்காட்டி விரலை அடியோடு எடுத்தார்கள். நடுவிரல் இருக்கிறது, மடங்காது. கட்டு மாற்றும் நாளில் மேஸ்திரி பக்கத்தில் நின்றார். திறந்த உள்ளங்கைக்குள் நர்ஸ் துணியை விட்டு எடுப்பதைப் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து தங்கையிடம், "போனது மோதிர விரல் இல்லையே. உனக்கு நஷ்டமில்லை" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. கணவனைப் பார்த்து, "முழுச் சுவர் அடிச்சாராமே, முழுச் சுவர்" என்று மட்டும் சொன்னாள். யாரைக் குத்துகிறாள் என்று இரண்டு ஆண்களுக்கும் புரியவில்லை. இருவருக்கும் குத்தியது.

கிடங்கின் பாதுகாப்பு அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலைச் சுற்றி மேஸ்திரியும் கலக்கலும் நின்றார்கள்.

"எப்படி நடந்துச்சு?"

பூட்டு வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி சொன்னார். "எப்பவும் பூட்டுவான் சார். அதுல பைத்தியம் இவன். அன்னைக்கு மறந்துட்டான்."

"ஆமா சார், மறந்துட்டாரு" என்றான் கலக்கல்.

அதிகாரி கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தார். "அப்படியாப்பா?"

எல்லாவற்றிலும் அவனுடையது என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பூட்ட மறக்காதவன் என்பது. விரல் போன பிறகும் அது இருந்தது. அதை மேஸ்திரி இப்போது கையில் எடுத்துக்கொண்டு, தருகிறாயா என்பதுபோல நின்றார். மாடி அறை மேஸ்திரியுடையது. மனைவி மேஸ்திரியின் தங்கை. இனி இந்தக் கைக்கு யார் வேலை தருவார்கள்?

"ஆமா சார்" என்றான். "மறந்துட்டேன்."

அதிகாரி சிரித்தார். கெட்ட மனிதரில்லை, சிரிப்பு வந்துவிட்டது. "பேரு பூட்டாமே. பூட்டே பூட்ட மறந்தா எப்படிப்பா?"

அந்தச் சிரிப்பு கலக்கலுக்கும் தொற்றியது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கை ஆறியபின் மேஸ்திரி அவனைத் தன் பம்புக்குக் காவல் வைத்தார். சாரம் ஏற முடியாது, ஹோஸைத் தூக்க முடியாது. வெளியே ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, வால்வைத் திருகவும் முள்ளைப் பார்க்கவும் ஒரு கை போதும். "சும்மா ஒக்கார வச்சு சோறு போட முடியுமா" என்று மேஸ்திரி எல்லாரிடமும் சொன்னார்.

ஆனால் பூட்டு ஒன்றைக் கவனித்தான். டிப்பு அடைத்தால் மேஸ்திரி இப்போது உடனே கட்டைவிரலை வைப்பதில்லை. உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"மாப்ள, எறக்கு."

அவன் வால்வைத் திருகுவான். முள் படுக்கும். "எறக்கியாச்சு மச்சான்."

அதற்குப் பிறகுதான் கட்டைவிரல். காப்புகள் இன்னும் பிஸ்கட் டப்பாவில்தான் இருந்தன. எடுத்து மாட்டினால் பயந்துவிட்டார் என்று ஆகிவிடும். பயம் வெளியே தெரியாமலிருக்க வெளியே ஒரு மாப்பிள்ளை இருந்தான். மேஸ்திரி இருந்த இடத்திலிருந்து முள் தெரியாது. தெரிவது ஒரு குரல் மட்டும். அந்தக் குரலைத்தான் அவர் தன் விரலுக்கு மாட்டிக்கொண்டிருந்தார்.

இது சில நாள் நடந்தது. ஒவ்வொரு நாளும் பூட்டு சரியாகத் திருகினான், சரியாகப் பதில் சொன்னான்.

ஒரு மத்தியானம் உள்ளே வழக்கம்போல வேலை நடந்துகொண்டிருந்தது. கலக்கல் டிரம்மைக் கலக்கிக்கொண்டே சும்மா இருக்கமுடியாமல், "பூட்ட மறந்தவரே, கொஞ்சம் தின்னர் எடு" என்றான். இப்போதெல்லாம் அப்படித்தான் கூப்பிட்டான். பெயர் நீளம் என்றாலும் அவனுக்கு அதில் சலிப்பு வரவில்லை.

அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. "மாப்ள, எறக்கு."

பூட்டு வால்வைத் திருகினான். ஹோஸ் தளர்ந்தது. முள் பூஜ்யத்தில் படுத்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"எறக்கிட்டியா?"

அவன் மடங்காத நடுவிரலை வலது கையால் நீவிக்கொண்டிருந்தான்.

"மாப்ள. எறக்கிட்டியா?"

குரல் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. துளை வழியாகப் பார்த்தால் மேல்தட்டில் மேஸ்திரி நிற்பது தெரிந்தது. வலது கையில் கன். இடது கட்டைவிரல் டிப்புக்கு ஓர் அங்குலத்தில் நின்றிருந்தது.

"மறந்துட்டேன் மச்சான்" என்றான் பூட்டு.

கட்டைவிரல் அப்படியே நின்றது. கலக்கலின் துடுப்பும் நின்றது. அவன் முள்ளைப் பார்த்தான், பூட்டின் முகத்தைப் பார்த்தான், மறுபடி முள்ளைப் பார்த்தான்.

"வெளையாடாத. எறக்கு."

"எறக்கறேன்." அவன் அசையவில்லை. சிறிது பொறுத்து, "எறக்கிட்டேன்னு நெனைக்கிறேன்" என்றான்.

"நெனைக்கிறியா?"

"ஆமா மச்சான். என் ஞாபகம்தான் உங்களுக்குத் தெரியுமே. நீங்கதானே சார்கிட்டச் சொன்னீங்க."

உள்ளே ஒரு க்ளிக் கேட்டது. மேஸ்திரி விசையின் பூட்டைப் போட்டிருந்தார். பிறகு பலகை கிரீச்சிட்டது, ஏணி ஆடியது. அவருக்கு இப்போது வயிறு பெருத்துவிட்டது; ஒவ்வொரு படியிலும் மூச்சு வாங்கியது. துளையில் குனிந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி வெளியே வந்தார். பம்புக்கு முன்னால் மண்டி போட்டு முள்ளைப் பார்த்தார். பூஜ்யம். வால்வைப் பார்த்தார். முழுக்கத் திறந்திருந்தது. வெகுநேரமாகத் திறந்திருக்கிறது என்று தளர்ந்து கிடந்த ஹோஸைப் பார்த்தாலே தெரியும்.

நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தார். பூட்டின் முகத்தில் எதுவும் இல்லை. ஜன்னல் கம்பிக்கு அடித்த பூச்சுபோல மழமழவென்று இருந்தது.

அடிப்பார் என்று கலக்கல் எதிர்பார்த்தான். மேஸ்திரி கையை ஓங்கக்கூட இல்லை. நாளைக்கும் இந்தப் பம்பு இங்கேதான் இருக்கும், இவன்தான் இதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். வேறொருவனை வைக்கலாம், வைத்தால் ஏன் என்று ஊர் கேட்கும். அந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள்தான் இருந்தன. பயப்படுகிறேன் என்பது ஒன்று. கதவைத் திறந்தது நான்தான் என்பது மற்றொன்று.

அவர் திரும்பிக் குனிந்து துளைக்குள் நுழைந்தார்.

அன்று டிப்பு இன்னும் பலமுறை அடைத்தது. ஒவ்வொரு முறையும் க்ளிக் என்று கேட்டது, ஏணி ஆடியது, மேஸ்திரி மூச்சிரைக்க வெளியே வந்து முள்ளைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒரு முறைகூட அது பூஜ்யத்தைத் தாண்டி இருந்ததில்லை. பூட்டு அதை ஒருநாளும் தாண்ட விடப்போவதில்லை. அதை மட்டும் அவரிடம் சொல்லப்போவதில்லை.

சாயங்காலம் பாதிச் சுவர்தான் முடிந்திருந்தது. கலக்கல் கெட்டியான மிச்சப் பெயிண்டை மண்ணில் கவிழ்த்துக்கொண்டே, சாரத்திலிருந்து ஐந்தாவதோ ஆறாவதோ தடவையாக இறங்கும் மேஸ்திரியைப் பார்த்தான்.

"மேஸ்திரி மாடிப்படி ஏறி எறங்கி உடம்பைக் கொறைக்கறாரு" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அவனுக்குச் சிரிக்க ஓர் ஆள் வேண்டும். அது யார் என்பதில் அவன் எப்போதும் கறாராக இருந்ததில்லை.